பினாங்கில் வன்டான் மீ: கேட்டு வாங்கிச் சாப்பிடும் வழி

ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதல் சில மாதங்களை நாசி கண்டார், ரொட்டி சானாய் என்றே ஓட்டிவிடுகிறார்கள். சீனர் கடைக்குள் போனால் யாரிடம் கேட்பது, எதைச் சொல்வது என்ற தயக்கம். பீச் ஸ்திரீட்டில் கணக்கு வேலை பார்க்கும் எனக்கு வாரத்தில் பாதி நாள் மத்தியானச் சாப்பாடு வன்டான் மீ. மீ என்றால் சீன நூடுல்ஸ், வன்டான் என்றால் உள்ளே இறைச்சி வைத்து மடித்த சின்ன மாவுப் பொட்டலம். அதிகம் செலவில்லை, சீக்கிரமும் வந்துவிடும். வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வந்ததை ஆறவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

கோப்பிக்கடை பார்க்க ஒரே கடைபோல இருக்கும், ஆனால் அப்படி இல்லை. மேசை நாற்காலியும் தண்ணியும் கடைக்காரருடையது. மீ, கொய் தியாவ், பொப்பியா எல்லாம் உள்ளே வாடகைக்கு இடம் எடுத்த ஸ்டால்காரர்களுடையது. அதனால் முதலில் இடம் பிடித்து மேசை நம்பரைப் பாருங்கள். அப்புறம் ஸ்டாலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தண்ணிக்காரர் தானே தேடி வருவார். தண்ணி எடுக்காவிட்டால் ஐம்பது காசு கூடுதல் என்று சில கடைகளில் போர்டே தொங்கும், கோபப்பட வேண்டாம், அவர் பிழைப்பு அதுதான். பாலில்லாத கோப்பி ஓ எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அம்ரா, அதாவது அம்பரலங்காய் ஜூஸ், ஆசாம் போய் என்ற உப்பிட்ட உலர்ந்த பிளம் போட்டது. மீ எண்ணெய்க்கு அந்தப் புளிப்புதான் சரி. மத்தியானக் கூட்டத்தில் தெரியாதவர் மேசையில் உட்கார நேர்ந்தால் “போலே டுடோக்?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

ஸ்டாலில் பேச மலாய் போதும். வயதானவரை ஆன்ட்டி, ஆங்கள் என்று கூப்பிடுங்கள், இளசாக இருந்தால் பாஸ். நான் சொல்வது இப்படி: “ஆன்ட்டி, வன்டான் மீ கெரிங் சத்து, சிலி லெபே, மேஜா லீமா.” அதாவது வன்டான் மீ கெரிங் ஒன்று, மிளகாய் கூடுதலாக, மேசை ஐந்து. கெரிங் என்றால் சாஸில் பிரட்டியது, சூப் என்றால் ரசத்தில் மிதப்பது. முதல் தடவை கெரிங் வாங்குங்கள். வன்டான் எப்படியும் சின்ன மங்கில் சூப்போடு தனியாக வரும். பசி அதிகம் என்றால் “தம்பா மீ”, காரம் வேண்டாம் என்றால் இங்குள்ள சீனர் பேசும் ஹொக்கியனில் “மாய் ஹியாம்”. ஸ்டாலில் சுய் காவ் இருக்கிறதா என்று கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். அது வன்டானை விடப் பெரிசு, உள்ளே இறாலும் கறுப்புக் காளானும் இருக்கும். என் காசு எப்போதும் அதற்குத்தான் போகும்.

இனி பன்றி விஷயம். நம் வீடுகளில் பாதிப் பேர் சாப்பிடுவார்கள், பாதிப் பேர் மாட்டார்கள், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். பன்றி என்பது மேலே சிவப்பாக அடுக்கியிருக்கும் சார் சியூ துண்டோடு முடிவதில்லை. வன்டானுக்குள் இருப்பதும் பெரும்பாலும் பன்றிதான், சூப்பில் எலும்பு வெந்திருக்கும், பிரட்டும் எண்ணெயிலும் பன்றிக் கொழுப்பு சேரும். “தா மாவ் பாபி” என்று சொன்னால் ஆன்ட்டி துண்டை எடுத்துவிட்டுக் கோழி வைப்பார். ஆனால் எண்ணெயும் சூப்பும் அதேதான். தொடவே மாட்டேன் என்பவர்கள் இந்த ஸ்டாலை விட்டுவிடுவது நல்லது. குழம்பு ஊற்றித் தரும் கறி மீ சாப்பிடப் போகிறவர்களும் கவனியுங்கள். அதில் கருஞ்சிவப்பாக, தோஃபு மாதிரி வெட்டிக் கிடப்பது பன்றி ரத்தம், வேண்டாம் என்றால் ஊற்றும் முன்பே சொல்ல வேண்டும். முஸ்லிம் நண்பரோடு போனால் ஜாக்கிம் (அரசாங்கத்தின் இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா) தரும் ஹலால் முத்திரை உள்ள கடையாகப் பாருங்கள், ‘பன்றி இல்லை’ என்ற போர்டு அதற்கு ஈடாகாது.

மீ போடுவதை நின்று பாருங்கள். ஒரு கைப்பிடி மீயை உதறி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு நீளக் கோலால் கலைப்பார். சட்டென்று அள்ளிப் பச்சைத் தண்ணீரில் முக்குவார், மறுபடி ஒரு கணம் கொதிநீர். மாவில் காரநீர் (மிளகாய்க் காரம் அல்ல, ஆல்கலைன் தண்ணீர்) சேர்ப்பதால்தான் மீக்கு அந்த மஞ்சளும் இழுவையும். பச்சைத் தண்ணீரில் முக்கினால்தான் அந்த வாடை போகும், இழையும் குழையாமல் நிற்கும். முக்காத கடை மீ சவசவ என்றிருக்கும், நான் இரண்டாவது தடவை போக மாட்டேன்.

மேசைக்கு வந்ததும் போனை எடுக்காதீர்கள். சாஸ் அடியில் கிடக்கும். சாப்ஸ்டிக்கை அடிவரை விட்டு, மீயைத் தூக்கித் தூக்கி, சாஸ் படாத இழை ஒன்றும் இல்லை என்னும்வரை பிரட்ட வேண்டும். தாமதித்தால் கட்டி தட்டிவிடும். சாப்ஸ்டிக் வரவில்லையா, “கார்ஃபு” என்று கேட்டு முள்கரண்டி வாங்குங்கள், அதில் வெட்கமே இல்லை. மங்கில் சாப்ஸ்டிக்கை நட்டு வைக்க மட்டும் வேண்டாம். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல இருக்கிறது என்று சீனர்கள் முகம் சுளிப்பார்கள். ஊறவைத்த பச்சை மிளகாய் சின்னத் தட்டில் வரும். வன்டான் ஒரு கடி, மிளகாய் ஒரு துண்டு. சிலி சாஸை மேலே கொட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வன்டானைக் கரண்டியில் ஏந்திக் கடியுங்கள், உள்ளே சாறு நாக்கைச் சுடும்.

சைவக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. சீன நாட்காட்டியில் 1, 15ஆம் தேதிகளில் நிறையச் சீனர்கள் சைவம். ஒன்பதாம் மாதம் ஒன்பது பேரரசர் விழாவின் ஒன்பது நாளும் பல ஸ்டால்களில் சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தொங்கும், அங்கே மீ, வன்டான் எல்லாம் சைவம். பல வருடங்களில் அது புரட்டாசியை ஒட்டியே வரும். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள், நம் அம்மாக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

காசு சாப்பாடு வரும்போதே, அந்தந்த ஸ்டாலுக்குத் தனித்தனியாக. பெரிய நோட்டை நீட்டினால் மூஞ்சி மாறும், இப்போது பலர் கியூஆர் வைத்திருக்கிறார்கள். இரவில் போவதானால் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்தே சூலியா ஸ்திரீட் போய்விடலாம், தெருவோரம் மீ ஸ்டால்கள் இருக்கும். ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் போகிறவர்கள் கெரிங் மீயைத் தபாவ் (பார்சல்) பண்ணாதீர்கள், வீடு சேரும்போது ஒரே கட்டியாக இருக்கும். வேகாத சுய் காவ் விற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எண்ணி வாங்கி ஃபிரீசரில் போடுங்கள். உறைந்ததை அப்படியே கொதிநீரில் போட்டு, மிதந்து மேலே வந்த பிறகு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு எடுங்கள், மேலே மிதந்ததை நம்பி உடனே எடுத்தால் நடுவில் பச்சையாக இருக்கும்.