கூட்டு மருந்து: பழைய பயத்தில் நடக்கும் தவறுகள்

கன்னம் ஒட்டி, கை கால்களில் நரம்பு புடைத்து, வயிறு மட்டும் தள்ளி நிற்கும் உருவம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து என்றதும் பலர் மனக்கண்ணில் இன்றும் அதுதான் வருகிறது. அது பெரும்பாலும் ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து செய்த வேலை. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இன்று இந்தியாவின் ஏ.ஆர்.டி. மையங்களில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள்) பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை.

பழைய முகத்தை நினைத்துக்கொண்டு இந்த மாத்திரையை நிறுத்துவதைவிடப் பெரிய தவறு கிடையாது. "உடம்புக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாமே" என்பார்கள். எச்.ஐ.வி. மருந்தை இடைவெளி விட்டு எடுப்பதைப் பற்றி 2006-இல் வெளியான ஸ்மார்ட் என்ற ஆய்வில், தொடர்ந்து எடுத்தவர்களைவிட இடைவெளி விட்டவர்களிடம் மரணமும் இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் கூடுதலாக இருந்தன. எந்த உறுப்புகளைக் காப்பாற்ற நிறுத்துகிறோமோ, அவையே அடிபடுகின்றன! ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம்.

அடுத்தது, மறைப்பது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரைப் பட்டை கைப்பைக்குள் இருக்கும். மருத்துவர் கேட்டால் "வேறு எதுவும் சாப்பிடவில்லை" என்று பதில் வரும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறனையும் எலும்பின் அடர்த்தியையும் மெல்லக் குறைக்கும். அதோடு வலி மாத்திரையும் வாரக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இராது, பரிசோதனையில்தான் தெரியும். ஒன்று சொல்ல வேண்டும்: டோலுடெக்ராவிர் தொடங்கியதும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் சற்று ஏறுவது வழக்கம். அதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்து எடுக்கலாம். நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் கூட்டு மருந்து. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது இந்த மாத்திரை எடுக்கும்போது எடை கூடுவதுதான். மெலிவுக்குப் பேர்போன நோய் என்பதால், சதை போட்டதும் வீட்டில் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்கிறார்கள். இழந்த எடை திரும்புவது நல்லதே. அதன்பிறகும் இடுப்புச் சுற்றளவு ஏறிக்கொண்டே போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது, கைப்பையில் உள்ள எல்லாப் பட்டைகளையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.