பி0741 கோடு வந்ததும் சொலினாய்டு வாங்க ஓடாதீர்கள்

ஆட்டோமேட்டிக் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறு எண் (கோடு) மட்டும் தெரிகிறது. உடனே அதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் தவறு. கோளாறு ஒன்று பதிவாகியிருப்பதாக கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தகவல்தான் பி0700. என்ன கோளாறு என்பதை அறிய, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். கோடு விழுந்தபோது இருந்த வேகம், ஆர்பிஎம், சூடு ஆகியவை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

உள்ளே பி0741 இருந்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்சைப் பிடிக்கச் சொல்லியும், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வழுக்குகிறது என்று பொருள். அந்தக் கிளட்சுக்கான ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சொலினாய்டின் மின்சுற்றுக் கோளாறுக்கு பி0743 என்று தனிக் கோடு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சொலினாய்டை மாற்றுவதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஓம் அளவு (மின்தடை) சரியாக இருந்தாலும் சொலினாய்டு உள்ளே அழுக்கால் சிக்கியிருக்கலாம். ஆயிலைப் பகிர்ந்தனுப்பும் வால்வு பாடியின் துளை தேய்ந்து ஆயில் அழுத்தம் கசியலாம். கன்வர்ட்டர் லைனிங்கே தேய்ந்திருக்கலாம்.

எதையும் கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின், காலியான நேர்ச்சாலையில், டாப் கியரில் மணிக்கு 70 கி.மீ. சீராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். லாக்-அப் பிடித்திருந்தால் அது விடுபட்டு ஆர்பிஎம் சட்டென்று ஏறும். ஏறவே இல்லையென்றால் அது பிடிக்கவே இல்லை. ஸ்கேனர் ஓட்டத்தின்போதே காட்டும் லைவ் டேட்டாவில் லாக்-அப் கட்டளை முழுதாகப் போன பிறகும் இன்ஜினுக்கும் டர்பைனுக்கும் (கன்வர்ட்டரில் கியர்பாக்ஸைச் சுழற்றும் பக்கம்) நூற்றுக்கணக்கில் ஆர்பிஎம் வித்தியாசம் நின்றால் வழுக்கல் உறுதி.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்). குளிர்ந்த வண்டியில் அளவு பார்க்காதீர்கள். மேனுவல் சொல்லும் சூட்டில், அது சொல்லும் முறையில் மட்டும் பாருங்கள். எந்த ஏடிஎஃப்பும் போதும் என்று ஊற்றுவது பெரும் தவறு. படிகளாக கியர் மாறாத சிவிடி கியர்பாக்ஸுக்கு ஆயிலே வேறு. வடித்தால் முழுதும் வராது, கன்வர்ட்டரில் நிறைய தங்கிவிடும். அதனால் வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, பிறகு அளவைச் சரிபாருங்கள். கியர்பாக்ஸ் அடியிலுள்ள ஆயில் தட்டின் (பேன்) காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இயல்பு. உலோகச் செதில்களும் கருகிய வாடையும் இருந்தால் ஆயில் மாற்றம் காப்பாற்றாது.

கன்வர்ட்டரை மாற்றும்போது ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவாமல் விட்டால், பழைய துகள்கள் புதியதற்குள் போய் அதே கோடு திரும்ப வரும். கடைசியாக ஸ்கேனரில் அடாப்டேஷனை (கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய அளவுகளை) ரீசெட் செய்து, அது புதிதாகக் கற்றுக்கொள்ளும் ரீலேர்ன் ஓட்டத்தையும் முடித்துவிடுங்கள்.