டிகிண்டர் லிஸ்ட்பாக்ஸில் வரியை இழுத்து நகர்த்துவது எப்படி?

பெங்களூரில் வண்டியில் சாமான் அனுப்பும் கடைக்கு ஒரு பட்டியல்: டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், அல்சூர். இந்திரா நகரிலிருந்து வண்டி கிளம்பினால் அல்சூர்தான் முதலில் வரும். அதை மவுஸால் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். பைத்தானில் ஜன்னல்கள், பட்டன்கள் அமைக்கும் நூலகமான டிகிண்டர் போதும். லிஸ்ட்பாக்ஸ் என்பது அதன் பட்டியல் பெட்டி. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் டிகிண்டரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

படி 1: லிஸ்ட்பாக்ஸில் மூன்று நிகழ்வுகளை உங்கள் செயல்கூறுகளோடு பைண்ட் செய்யுங்கள் (இணையுங்கள்): பட்டன்பிரஸ்-1 (இடது பட்டனை அழுத்துவது), பி1-மோஷன் (அழுத்தியபடி நகர்த்துவது), பட்டன்ரிலீஸ்-1 (விடுவது).

படி 2: அழுத்தியதும் எக்ஸ், ஒய் இரண்டையும் குறித்து வையுங்கள். லிஸ்ட்பாக்ஸின் 'நியரஸ்ட்' கட்டளை ஒய்யை வாங்கிக்கொண்டு வரியின் எண்ணைத் தரும். கவனம்: பட்டியலுக்குக் கீழே வெற்றிடத்தில் அழுத்தினாலும் அது கடைசி வரியையே தரும். வரியின் இடத்தையும் அளவையும் சொல்லும் 'பிபாக்ஸ்' கட்டளை தரும் ஒய்யையும் உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். அழுத்திய இடம் அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 3: இதுதான் உயிர்நாடி. கிளிக்கும் இழுத்தலும் ஒரே அழுத்தலில்தான் தொடங்குகின்றன. கிளிக் செய்யும்போதே கை ஓரிரு பிக்சல் நடுங்கும். அதை இழுத்தலாக எடுத்துக்கொண்டால் வரிகள் தானாக இடம் மாறும். எக்ஸிலோ ஒய்யிலோ 5 பிக்சல் தாண்டிய பிறகே 'இழுக்கிறார்' என்ற கொடியை (ஆம்/இல்லை என்று குறிக்கும் மாறியை) ஏற்றுங்கள். க்யூட்டி என்ற இன்னொரு ஜன்னல் நூலகத்தில் இந்த வரம்பு இயல்பாகவே 10 பிக்சல். லிஸ்ட்பாக்ஸில் அப்படி எதுவும் இல்லாததால் நாமே எழுத வேண்டும்.

படி 4: கொடி ஏறியபின் ஒவ்வோர் அசைவிலும் 'நியரஸ்ட்' கேளுங்கள். எண் மாறினால் பழைய வரியை 'டெலிட்' செய்து, அதே உரையைப் புதிய எண்ணில் 'இன்சர்ட்' செய்யுங்கள். கீழ்நோக்கி இழுக்கும்போது ஒன்றைக் கழிக்கத் தோன்றும். கழிக்காதீர்கள், நீக்கிய பிறகு கணக்கு தானே சரியாகிவிடும். நீக்கிய வரியோடு தேர்வும் போய்விடும், 'செலக்‌ஷன்_செட்' மறுபடி தேவை. வரிக்கு நிறம் கொடுத்திருந்தால் அதையும் திரும்பக் கொடுங்கள்.

தேர்வு வேறு வரிக்குத் தாவுகிறதா? மவுஸ் போகும் வரியைத் தேர்ந்தெடுப்பது லிஸ்ட்பாக்ஸின் இயல்பு. அசைவைக் கவனிக்கும் செயல்கூறு எல்லா வழியிலும் 'பிரேக்' என்ற சொல்லைத் திருப்பித் தரட்டும், அது அந்த இயல்பைத் தடுக்கும். பெட்டிக்கு வெளியே மவுஸ் போனால் தானியங்கி ஸ்க்ரோல் அதே வேலையைச் செய்யும். பி1-லீவ் நிகழ்வையும் 'பிரேக்' கொடுத்து நிறுத்துங்கள்.

படி 5: விட்டதும் கொடியை இறக்குங்கள். இதுவரை மாறியது திரை மட்டும். உங்கள் பைத்தான் பட்டியலில் தொடக்க எண்ணை 'பாப்' செய்து, முடிவு எண்ணில் 'இன்சர்ட்' செய்யாவிட்டால், சேமிக்கும்போது அல்சூர் மறுபடி கடைசிக்கே போய்விடும்.