அரசு மானியம் பெறும் தொண்டு அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் தங்கள் கவனம் முழுவதையும் விண்ணப்பத்திலேயே செலுத்துகின்றன. ஆனால் அவற்றைப் பின்னாளில் சிக்கலில் மாட்டிவிடும் தவறுகள் பெரும்பாலும் பணம் கைக்கு வந்த பிறகுதான் நேர்கின்றன.

விண்ணப்ப நிலையில் நேரும் தவறுகள் எளிதில் சரிசெய்யக்கூடியவை. தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிவு எண் பெற்றிருப்பது மட்டும் போதாது. அதிலுள்ள நிர்வாகிகளின் பெயர்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகப் பதிவேட்டோடு ஒத்திருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு பெற்ற சங்கங்கள் பொருளாளர் மாறியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பதிவாளருக்குத் தெரிவிக்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதுண்டு. அதே பணிக்கு வேறொரு துறையிடமும் விண்ணப்பித்திருந்தால் அதை மறைக்கக் கூடாது.

மானியம் வழங்கத் துறை பிறப்பிக்கும் ஒப்பளிப்பு ஆணையை முழுமையாகப் படிக்காமல் செலவைத் தொடங்குவதே ஆகப் பெரிய தவறு என்பது என் கருத்து. எந்தச் செலவு இனத்துக்கு எவ்வளவு, எந்தக் காலத்துக்குள், என்ன நிபந்தனையோடு என்பதையெல்லாம் அந்த ஆணைதான் சொல்கிறது. பயிற்சியாளர் மதிப்பூதியத்துக்கு வந்த தொகையிலிருந்து கட்டட வாடகையைக் கட்டிவிட்டு, இரண்டும் அதே மையத்துக்கான செலவுதானே என்று நிர்வாகிகள் சமாதானம் சொல்லலாம். தணிக்கையில் அது ஒப்புதலின்றி இனம் மாற்றிய செலவாகவே எழுதப்படும். மாற்றம் தேவையெனில் செலவு செய்வதற்கு முன்பே துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெற வேண்டும். தொலைபேசியில் அதிகாரி சொன்ன 'சரி' கோப்பில் ஏறாது.

மானியத் தொகையை அமைப்பின் பொதுக் கணக்கில் நன்கொடைகளோடு கலந்து வைப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, முன்கூட்டி வழங்கப்பட்ட மானியத்துக்குக் கிடைக்கும் வட்டியை, கணக்கு இறுதிசெய்யப்பட்டவுடன் மத்திய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியில் செலுத்திவிட வேண்டும். பணம் கலந்துவிட்டால் அந்த வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

மானியம் உரிய பணிக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பட்டயக் கணக்காளரின் வேலையென்று ஒதுக்கிவிடுவதும் பரவலாகக் காணப்படும் தவறாகும். நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் இச்சான்றிதழ் அளிக்கப்பட வேண்டும். தவறினால் இனி எந்த நிதியுதவியும் பெற முடியாதபடி அமைப்பைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. தொகை செலவானதைச் சொல்வதோடு, ஏற்கெனவே நிர்ணயித்த இலக்குகள் எட்டப்பட்டனவா, இல்லையென்றால் ஏன் என்பதையும் அதில் காட்ட வேண்டியிருப்பதால், வருகைப் பதிவேடும் பயனாளிகள் பட்டியலும் திட்டம் நடக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் ஒரே கடையிலிருந்து குவியும் பில்கள் எந்தத் தணிக்கையரின் கண்ணுக்கும் தப்புவதில்லை. செலவாகாத தொகை மிஞ்சினால் அதை அவசரமாகச் செலவழித்துத் தீர்ப்பதைவிட, மிச்சமென்று காட்டித் திருப்பிச் செலுத்துவதோ, அடுத்த ஆண்டில் பயன்படுத்த அனுமதி கேட்பதோ மேலானது.

மானியத்தில் வாங்கிய தையல் இயந்திரம், கணினி, வாகனம் போன்றவற்றைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவதும், திட்டம் முடிந்தபின் விற்றுவிடுவதும் ஆபத்தானவை. மானியம் வழங்கிய துறையின் முன் அனுமதியின்றி அவற்றைக் கைமாற்றக் கூடாது.

அரசு நிதியையே கணிசமாக நம்பி நடக்கும் தொண்டு நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தகைய அமைப்பு பொதுத் தகவல் அலுவலரை நியமிக்காமல் இருப்பதும், கணக்குக் கேட்டு வரும் மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் தராமல் ஒதுக்கிவைப்பதும் சட்டத்தை மீறும் செயல்களாகும்.