குரல் நடுவுக்கு வந்தது

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய புது ஸ்பீக்கர்களில், சின்ன வயதிலிருந்து கேட்டு மனப்பாடமான பாட்டைத்தான் முதலில் போட்டேன். மனசே விட்டுப்போச்சு. பேஸ் கிடாரைக் காணோம். குரல் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடவில்லை. எங்கள் பழைய டேப் ரிக்கார்டரே தேவலை!

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அப்படி இருந்தால் ஒரு ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னே இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மாற்றிச் செருகினேன். சுவரிலிருந்தும் ஒரு அடி தள்ளி வைத்தேன், கும்மென்ற இரைச்சல் அடங்கியது.

அப்புறம் அதே பாட்டு. குரல் நட்டநடுவில். சரணத்துக்கு முன் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருடத்தில் அதைக் கேட்டதே இல்லை. “அம்மா, இங்க வந்து கேளும்மா” என்று கூப்பிட்டேன்.