ஃபேமிகாமின் தலைசிறந்த ஆட்டங்கள்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. ஃபேமிகாம் என்று பெயர் சுருங்கிய அந்தக் கருவியே 1985 அக்டோபரில் உருவம் மாறி, என்.இ.எஸ். என்ற பெயரோடு நியூயார்க் கடைகளுக்கு வந்தது. உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்ற இக்கருவியின் சிறந்த ஆட்டங்கள் எவை, தாக்கம் மிகுந்த ஆட்டங்கள் எவை என்று சொல்லும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே பெயர்களை இடம் மாற்றி அடுக்குபவை. அந்தப் பெயர்கள் தவறானவை அல்ல. ஆனால் எந்த நாட்டில், எந்தப் பதிப்பில், எந்த ஆண்டின் அளவுகோலில் என்று கேட்காமலேயே முடிவுக்கு வந்துவிடுவதால், இருக்க வேண்டிய சில ஆட்டங்கள் விடுபட்டுப் போகின்றன, இருக்கும் ஆட்டங்களோ தவறான காரணங்களுக்காகப் புகழப்படுகின்றன.

சிறப்பையும் தாக்கத்தையும் ஒன்றாக எண்ணுவது

எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27 அன்று வெளியிட்ட டிராகன் குவெஸ்டை இன்று முதன்முறையாக ஆடிப் பார்ப்பவர் அரைமணி நேரத்தில் சலித்துப்போவார். படிக்கட்டின் மேல் நின்றபின்னும், பட்டியலைத் திறந்து ‘படிக்கட்டு’ என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்தால்தான் கதாநாயகன் கீழே இறங்குவான். ஜப்பானிய மூலப் பதிப்பில் ஒருவரிடம் பேசுவதற்குக்கூட அவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டத்தை மறுநாள் தொடர வேண்டுமானால் இருபது எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிறந்த ஆட்டங்களின் வரிசையில் இதை உயரத்தில் வைப்பது கடினம். ஆனால் ஆப்பிள் கணினியில் 1981 முதல் ஆடப்பட்டுவந்த விசர்ட்ரி, அல்டிமா ஆகியவற்றின் சிக்கலான அமைப்பை, நான்கு திசைப் பட்டனும் இரண்டு செயல் பட்டனும் மட்டுமே கொண்ட ஒரு கைப்பிடிக்குள் அதன் வடிவமைப்பாளர் யூஜி ஹோரி அடக்கிக் காட்டியது இந்த ஆட்டத்தில்தான். அகிரா தோரியாமா வரைந்த அரக்கர்களும் கோயிச்சி சுகியாமாவின் இசையும் சேர்ந்தபோது, ஜப்பானிய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) என்று இன்று நாம் அழைக்கும் வகைக்கே ஓர் அச்சு கிடைத்துவிட்டது. 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது கடைவாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன.

எதிர்ப்புறத்தில், ஜப்பானில் 1988 அக்டோபரிலும் அமெரிக்காவில் 1990இலும் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3, இந்தக் கருவியில் ஆடக்கூடியவற்றுள் முழுமைக்கு மிக அருகில் வந்த ஆட்டம் என்பது என் கருத்து. ஆயினும் பின்வந்தவற்றுக்கு இலக்கணம் வகுத்தது அதுவன்று, 1985ஆம் ஆண்டின் முதல் மாரியோதான். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பட்டியலில் விடை சொல்ல முயன்றால், டிராகன் குவெஸ்டுக்குத் தகுதியற்ற புகழையோ மூன்றாம் மாரியோவுக்குத் தகுதியற்ற வரலாற்றையோ கற்பிக்க நேரும்.

‘முதல் ஆட்டம்’ என்ற பட்டத்தை எளிதில் கொடுப்பது

பக்கவாட்டில் திரை நகரும் முதல் ஆட்டம் சூப்பர் மாரியோ என்று இன்றும் எழுதுகிறார்கள். டிஃபெண்டர் 1981இலேயே அவ்வாறு நகர்ந்தது. ஓடித் தாவும் நாயகனோடு நாம்கோவின் பேக்-லேண்ட் 1984இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்கு வந்துவிட்டது. முதலாவது என்ற பொய்ப் பெருமையைக் கொடுப்பதால் நேரும் உண்மையான இழப்பு, அதன் வடிவமைப்பாளர்களான ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் செய்துகாட்டியது என்னவென்று பாராமல் போய்விடுவதுதான். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் தாவுவதும், ஓடிவந்த வேகம் நிற்கும்போதும் சிறிது சறுக்குவதும் கைக்குப் பழகிவிட்டால், அதன்பின் வரும் எந்தத் தாவல் ஆட்டத்தையும் அந்த அளவுகோலில்தான் கை மதிப்பிடும். முதல் லெவலின் தொடக்கத்தில் பெட்டியிலிருந்து வெளிவரும் காளான் வலப்புறம் ஊர்ந்து, குழாயில் முட்டித் திரும்பி, ஆடுபவரை நோக்கியே வருகிறது. அதைத் தொட்டால் வளரலாம் என்பதை எந்தக் குறிப்பும் இல்லாமல் அங்கேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இவையெல்லாம் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியவை. மேகத்துக்கும் புதருக்கும் ஒரே ஓவியத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தியிருப்பதைக் கவனித்தால், இடநெருக்கடி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது புரியும்.

இதே வகையைச் சேர்ந்ததுதான், அந்த ஆட்டம் உலக வீடியோ கேம் தொழிலையே சரிவிலிருந்து மீட்டது என்ற கூற்றும். 1983இல் சரிந்தது வட அமெரிக்கச் சந்தை. அதே ஆண்டில் ஜப்பானில் ஃபேமிகாம் பிறந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் பிள்ளைகள் ஒலிநாடாவிலிருந்து ஆட்டங்களை ஏற்றும் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளோடு மும்முரமாக இருந்தார்கள்.

கான்ட்ரா ஆட்டத்தால் புகழ்பெற்ற, முப்பது உயிர்களைத் தரும் மேல்-மேல்-கீழ்-கீழ் என்று தொடங்கும் பட்டன் வரிசையும் அந்த ஆட்டத்தில் பிறந்ததன்று. கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, கிரேடியஸ் ஆட்டத்தை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது.

அமெரிக்கப் பட்டியலை உலகப் பட்டியலாக எடுத்துக்கொள்வது

இந்தப் பிழைதான் மிகப் பரவலானது, மிகக் குறைவாக உணரப்படுவதும் இதுவே. நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டியை எடுத்துக்கொள்வோம். கழுகுச் சின்னத்தைச் சுற்றிலும் செங்கற்சுவர், நான்கு திசைகளிலும் சுடும் டாங்கிகள், இருவர் சேர்ந்து காக்கும் 35 களங்கள், நாமே களம் அமைத்துக்கொள்ளும் வசதி என்று அமைந்த இந்த ஆட்டம் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. அதனால் அமெரிக்கர் தொகுக்கும் பட்டியல்களில் இதன் பெயரைக் காண்பது அரிது. ஆனால் 1992 முதல் டெண்டி என்ற நகல் கருவி விற்கப்பட்ட ரஷ்யாவிலும், நகல் கருவிகளே பெரும்பாலான வீடுகளை எட்டிய இந்தியாவிலும், அந்தத் தலைமுறையில் டாங்கி ஆட்டம் ஆடாதவர் குறைவு.

இதற்குக் காரணம் தற்செயலன்று. தமிழ்நாட்டில் ‘99999 இன் 1’ என்று எண்களை அள்ளித் தெளித்து விற்கப்பட்ட கேசட்டுகளில் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டிகளில்) உண்மையில் சில பத்து ஆட்டங்களே இருந்தன. மீதியெல்லாம் அவற்றையே வேறு லெவலில் தொடங்கிவைக்கும் மறுபதிவுகள். 1983க்கும் 1985க்கும் இடையில் வந்த ஆட்டங்கள் பெரும்பாலும் 24 முதல் 40 கிலோபைட்டுக்குள் முடிந்துவிட்டன, கேசட்டுக்குள் கூடுதல் சிப் எதையும் கேட்கவுமில்லை. ஆகவே மலிவான நினைவகத்தில் அவற்றையே வரிசையாக அடுக்க முடிந்தது. எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி ஆகியவை இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்திருந்ததும், ஆட்டத்தைச் சேமிக்கப் பேட்டரி பதித்த சாகச ஆட்டமான செல்டா எவருக்கும் தெரியாமல் போனதும் இதனால்தான். ஆகவே நம் வாசகருக்காகப் பட்டியல் எழுதுபவர், அமெரிக்கச் சிறுவர்களின் நினைவேக்கத்தை மொழிபெயர்த்துத் தருவதில் பொருளில்லை.

மறுபுறம், ஜப்பானை விட்டு வெளியே வராத ஆட்டங்களின் தாக்கம் வேறு வழியில் உலகை எட்டியது. கப்காம் 1989இல் வெளியிட்ட ஸ்வீட் ஹோம், ஆள் அரவமற்ற மாளிகை, குறைவான பொருட்களை மட்டுமே சுமக்க முடியும் என்ற கட்டுப்பாடு, சிதறிக் கிடக்கும் குறிப்புகளின் வழியே வெளிப்படும் கதை என்று அமைந்தது. அதை மறுவுருவாக்கம் செய்யும் முயற்சியாகத் தொடங்கியதுதான் 1996இன் திகில் ஆட்டமான ரெசிடென்ட் ஈவில். ஹோரியின் துப்பறியும் கதையாட்டமான போர்ட்டோபியாவும் (ஃபேமிகாமில் 1985) அப்படிப்பட்டதே. தன்னை இத்துறைக்கு ஈர்த்த ஆட்டங்களுள் ஒன்றாக, மெட்டல் கியர் ஆட்டங்களை உருவாக்கிய ஹிடியோ கோஜிமா அதைச் சொல்லியிருக்கிறார்.

நிண்டெண்டோ 2016இல் வெளியிட்ட, முப்பது ஆட்டங்கள் அடங்கிய சிறிய என்.இ.எஸ். கருவியை அதிகாரபூர்வமான தரவரிசைபோல் கொள்வதும் இதே பிழையின் கிளைதான். அதில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் இல்லை, டிராகன் குவெஸ்ட் இல்லை. கான்ட்ராவுக்குப் பதிலாக அதன் தொடர்ச்சியான சூப்பர் சி மட்டுமே இருக்கிறது. ஜப்பானில் விற்ற சிறு ஃபேமிகாமிலோ எட்டு ஆட்டங்கள் வேறு.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் தீர்ப்பளிப்பது

ஒரே பெயரில் வந்தாலும் ஆட்டங்கள் ஒன்றல்ல. கான்ட்ராவின் ஜப்பானியப் பதிப்பில் கூடுதல் சிப் இருந்ததால் இடையிடையே கதைக் காட்சிகளும் அசையும் பின்னணியும் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை. ஐரோப்பாவிலோ வீரர்களுக்குப் பதில் இயந்திர மனிதர்களை வைத்து புரோபோடெக்டர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். காசில்வேனியா 3இன் இசையைப் பற்றி இருவர் சண்டையிட்டால், இருவரும் சரியாகச் சொல்லக்கூடும்: ஜப்பானிய கேசட்டில் இருந்த சிப் மூன்று கூடுதல் ஒலித்தடங்களைத் தந்தது, அமெரிக்கக் கருவியோ கேசட்டிலிருந்து வரும் ஒலியை ஏற்கும்படி அமைக்கப்படவில்லை. அமெரிக்கர்கள் 1988இல் ஆடிய சூப்பர் மாரியோ 2, டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு ஜப்பானிய ஆட்டத்தின் மறுவேடம் என்பது இப்போது பலரும் அறிந்த செய்தி.

நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்காகச் சரியாக மாற்றியமைக்கப்படாத ஆட்டங்கள், 60 முறைக்கென எழுதப்பட்டவையாதலால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் மட்டுமே ஓடின. இசையும் அதே அளவு தளர்ந்தது. இணையத்தில் கிடைக்கும் கோப்பு எந்த வகை என்று பாராமல் ‘இந்த ஆட்டம் மந்தமானது’ என்று எழுதுவது நியாயமன்று.

பெட்டிக்குள் இருந்த காகிதங்களை மறந்துவிடுவது இன்னும் மோசம். 1987இல் பொன்னிற கேசட்டாக அமெரிக்காவுக்கு வந்த செல்டாவில் மேலுலகம் மட்டும் 128 திரைகள் கொண்டது. எங்கே போக வேண்டும் என்று ஆட்டம் சொல்வதே இல்லை என்பது இன்றைய விமர்சகர்களின் வழக்கமான குறை. ஆனால் கேசட்டோடு கையேடும், பாதி நிரப்பிய வரைபடமும் தரப்பட்டிருந்தன, மீதியைக் கண்டுபிடித்து நிரப்புவதும் நண்பர்களிடம் விசாரிப்பதும் ஆட்டத்தின் பகுதிகளாகவே கருதப்பட்டன. காகிதத்தை நீக்கிவிட்டு மீதியை மட்டும் மதிப்பிடுபவர் அரை ஆட்டத்தைத்தான் மதிப்பிடுகிறார்.

பத்தாண்டு வளர்ச்சியைத் தட்டையாக்குவது

1983இன் டான்கி காங், ஆர்கேடில் இருந்த நான்கு திரைகளில் ஒன்றை இடமின்மையால் விட்டுவிட்டு, 24 கிலோபைட்டில் வந்தது. 1993இன் கிர்பிஸ் அட்வென்ச்சர் 768 கிலோபைட். இரண்டும் ஓடியது அதே செயலியில், அதே 2 கிலோபைட் தற்காலிக நினைவகத்தில். வளர்ந்தது கேசட்டுக்குள் இருந்த சிப்பும் சேமிப்பும்தான். ஆகவே ஒரே கருவி என்பதற்காக இவ்விரண்டையும் படத்தின் அழகில் ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது பயனற்றது. ஆண்டோடு சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஆட்டம் தன் காலத்தை மீறியது என்பது விளங்கும்.

விற்பனையையும் விலையையும் சான்றாகக் காட்டுவது

டக் ஹன்ட் இரண்டு கோடியே 80 லட்சத்துக்கு மேல் போனதற்கு முதன்மைக் காரணம், அது கருவியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பதுதான். அரிய கேசட்டுகளின் விலையோ இன்னும் பொருளற்ற சான்று. சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுக்கும் ஸ்டேடியம் ஈவென்ட்ஸ், காலால் மிதித்து ஓடும் ஒரு சாதாரண விளையாட்டு. சிறிது காலமே கடையில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு கிடையாது. 2021 ஏப்ரலில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ பிரதி ஒன்று 6,60,000 டாலருக்கு ஏலம் போனதும் பெட்டியின் நிலையைப் பற்றிய செய்தியே தவிர, ஆட்டத்தைப் பற்றியதன்று.

தாக்கம் முடிந்துபோனது என்று கருதுவது

1989இல் டெட்ரிஸுக்கு இரண்டு பதிப்புகள் வந்தன. டெங்கன் நிறுவனத்தின் பதிப்பில் இருவர் ஒரே நேரத்தில் ஆடலாம். நீதிமன்ற ஆணையால் அது சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. நிண்டெண்டோவின் பதிப்பில் இருவர் ஆடும் வசதியே இல்லை. அக்காலத்தில் எழுதப்படும் எந்த நேர்மையான ஒப்பீடும் டெங்கனுக்கே முதலிடம் கொடுத்திருக்கும்.

ஆனால் 2010இல் தொடங்கிய உலக டெட்ரிஸ் போட்டி நிண்டெண்டோ பதிப்பையே களமாகக் கொண்டது. 29ஆம் லெவலில் வேகம் இரட்டிப்பாவதால், திசைப் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பவரால் கட்டையை ஓரத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதுவே மனிதரின் எல்லை என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. பின்னர் விரலை நடுங்கவைத்து விரைவாகத் தட்டும் முறை வந்தது, அடுத்து கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு கைப்பிடியின் பின்புறத்தை மற்ற விரல்களால் அலையாகத் தட்டும் முறை வந்தது. 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் லெவலை எட்டியபோது, கட்டைகள் குவிந்து அவன் தோற்பதற்கு மாறாக ஆட்டமே உறைந்து நின்றது. அந்த உறைநிலையை எட்டிய முதல் மனிதன் அவன்தான்; ஆட்டத்துக்கு அப்போது வயது 34.