கத்தாமல் கணீரென்று பாட: ஸ்ட்ராவும் அகாரமும்

கர்நாடக சங்கீதம் பாடப் பழகுபவர்களுக்கான குறிப்பு இது. சரளி வரிசை (ஸ ரி க ம என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம்) தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கட்டையை, அதாவது நீங்கள் ‘ஸ’ வைத்துக்கொள்ளும் உயரத்தை, சரிபாருங்கள். மந்திர பஞ்சமம் (கீழ் ‘ப’) காதில் விழ வேண்டும். மேல் காந்தாரம் (மேல் ‘க’) கழுத்து நரம்பு புடைக்காமல் வர வேண்டும். பெண்கள் பலருக்கு 5, 5½ கட்டையும், ஆண்களுக்கு 1, 1½ கட்டையும் ஒத்துவரும். பக்கத்தில் பாடுபவர் 6 கட்டை என்பதற்காக நீங்களும் ஏற வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியை மெல்லிசாக வையுங்கள். அது உரக்க ஒலித்தால் நாமும் தெரியாமலே கத்துவோம். இரண்டு காதிலும் இயர்போன் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது மூச்சு. கீழ் விலா பக்கவாட்டில் விரியட்டும், தோள் ஏறக்கூடாது. முக்கால் பங்கு போதும். முட்ட நிரப்பினால் காற்று தானாகவே முட்டித் தள்ளும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீராக 20 விநாடி விடப் பழகுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அரை பாட்டில் தண்ணீரில் சாதாரண ஜூஸ் ஸ்ட்ராவை 3 செ.மீ. அமிழ்த்தி, உதட்டால் கவ்வி, ‘ஊ’ என்று ஷட்ஜம் (‘ஸ’) பிடியுங்கள். குமிழி சீராக வர வேண்டும். பிறகு ஸ ரி க ம என்று மேல் ஷட்ஜம் வரை ஏறி இறங்குங்கள். தண்ணீர் தரும் எதிர் அழுத்தத்தால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரும். இளநீர் ஸ்ட்ரா வேண்டாம். அகலம் அதிகம் என்பதால் எதிர் அழுத்தம் குறையும்.

பலருக்கு இடிப்பது தைவதம், நிஷாதத்தில் (‘த’, ‘நி’). அங்கே தண்ணீர் கொப்பளித்துத் தெறித்தால் காற்றைத் தள்ளுகிறீர்கள். குமிழி நின்றுபோனால் தொண்டையை இறுக்குகிறீர்கள். ஒரு ஸ்வரம் கீழே வந்து, சத்தத்தைப் பாதியாக்கி மறுபடி ஏறுங்கள். சத்தம் வருகிறது, குமிழி மட்டும் இல்லையா? மூக்கைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடைபட்டால் காற்று மூக்கு வழியே போகிறது; ‘ம்’ என்று முனகாமல், ‘ஊ’ என்று காற்றை வாய் வழியே ஸ்ட்ராவுக்குள் விடுங்கள்.

ஐந்து நிமிடம் ஆனதும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, ஆறவிடாமல் அதே ஸ்வரத்தில் அகாரம் பாடுங்கள், அதாவது ஸ்வரப் பெயர் சொல்லாமல் ‘ஆ’ என்று பாடுங்கள். தாடை தளர்ந்து தொங்கட்டும். மேலே போகப் போக வாயை இன்னும் திறக்க வேண்டும். ‘இ’, ‘உ’ வரும் இடங்களிலும் கொஞ்சம் திறந்தே பாடுங்கள், இல்லையென்றால் குரல் கீச்சிடும். கணீர் என்ற அந்த ஒலி 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூடும் அதிர்விலிருந்து வருவது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அங்கேதான். அதனால்தான் அதிகம் தள்ளாத குரலும் கடைசி வரிசை வரை கேட்கிறது.

பாடுவதற்கு முன் மடமடவென்று வெந்நீர் குடித்துப் பயனில்லை. குடிக்கும் நீர் குரல்நாண்களில் நேராகப் படுவதே இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள்.

பாடி முடித்ததும் பேச்சுக்குரல் கரகரத்தால் அன்றைய சாதகம் (பயிற்சி) அதிகம். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தை நம்பி இருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குரல்நாண்களைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள்.